அரிசிப் பானையில் ஒரு துட்டு

சுபஹ் தொழுகை முடிந்து கடற்கரைப் பள்ளி முற்றத்தில் நாங்கள் நாலு பேரும் கூடியபோது கிழக்கு வெளுக்கவில்லை. ஜனவரி மாதம். வாடை ஓய்ந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாகப் பெரிய கடல். அலை வந்து கரையைச் செங்குத்தாக வெட்டி, இடுப்பளவு மண்ணை அள்ளிக்கொண்டு போயிருந்தது. கடல் இப்படி வெட்டிவிட்டுப் போன மறுநாள்தான் பழைய சாமான்கள் வெளியில் தெரியும் என்று எங்களில் மீன்பிடிக்கிறவன் சொன்னான். அவன் வாக்கை நம்பித்தான் அந்த நாளை வைத்தோம்.

இந்தத் தேடலுக்குக் காரணம் இங்கிலாந்தில் இருக்கிற நண்பன். கல்முனைக்குடியில் எங்களோடு ஒரே வகுப்பில் இருந்தவன். போய்ப் பதினெட்டு வருடம். அங்கே லீவு நாட்களில் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாகத் திரிவான். போனில் கதைக்கும்போதெல்லாம் ஒரே பேச்சு: “நம்மட கரையில உலாந்தாக்காரன்ட சாமான் கட்டாயம் கிடக்கும் மச்சான். ஒருநாளைக்குத் தேடிப் பாக்கணும்.” உலாந்தாக்காரன் என்றால் ஒல்லாந்தர். ஆனால் ஊருக்கு வரும்போது கருவியை அங்கேயே வைத்துவிட்டு வந்தான். அது புத்தியுள்ள காரியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆகவே எங்களிடம் இருந்தது நாலு சோடிக் கண், ஒரு டோர்ச், பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தம். காந்தம் என்னுடையது. சின்ன வயதில் இப்படி ஒன்றை நூலில் கட்டி ஒழுங்கை மண்ணில் இழுத்துக்கொண்டு போவோம். ஆணி, கம்பித்துண்டு, சோடா மூடி எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். சேர்த்த இரும்பைக் கொடுத்தால் ஐஸ்பழம் கிடைக்கும். கடற்கரையில் இழுத்தால் காந்தத்துக்குக் கறுப்பு மீசை முளைத்துவிடும். அது இரும்புச்சத்துள்ள மண். புல்மோட்டையில் இல்மனைட் என்று தோண்டி ஏற்றுமதி செய்கிறார்களே, அந்த வகைக் கறுப்பு மணல். “உன்ட காந்தத்தில ஒட்டுற மண்தான் மெஷினுக்கும் தொல்லை” என்றான் நண்பன். கருவியின் வளையம் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. உள்ளே உலோகம் கிடந்தால் அது மறுமொழி சொல்கிறது. இரும்புக்குத் தாழ்ந்த ஓசை, செம்புக்கும் வெள்ளிக்கும் கூர்மையான ஓசை. உப்பு ஈரமும் கறுப்பு மணலும் தாங்களும் மறுமொழி சொல்லும். அதனால் எங்கள் கரை போன்ற இடத்தில் மலிவான கருவி காரணமில்லாமல் கத்திக்கொண்டேயிருக்குமாம்.

மூன்று வருடங்களுக்கு முன் நான் அவனிடம் போயிருந்தபோது அவன் தேடுவதை நேரில் பார்த்தேன். கோதுமை அறுத்து முடிந்த வயல். தாள் காலில் குத்தியது. முதலில் வயற்காரர் வீட்டுக்குப் போனான். கதவைத் தட்டி, இன்றைக்கு எந்தப் பக்கம் இறங்கப்போகிறோம் என்று சொல்லி, அவர் தலையாட்டிய பிறகுதான் வயலில் கால் வைத்தான். நிலத்துக்குச் சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் அங்கே தேட முடியாது. புதையல் என்று சட்டம் வரையறுக்கும் பொருள் அகப்பட்டால் 1996 ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிக்க வேண்டும். மற்றப் பொருட்களைக் காட்டிப் பதிந்துகொள்ள 1997 இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பெரும்பாலும் சாதாரணச் சனங்கள் கண்டெடுத்த 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள், எந்த வயலில் எந்த மூலையில் கிடந்தன என்ற விபரத்தோடு அதில் பதிவாகியிருக்கின்றன.

நாலு மணித்தியாலத்தில் ஒரு சட்டைப் பொத்தானும் மூன்றாம் ஜார்ஜ் காலத்து அரைப்பென்னி ஒன்றும் அகப்பட்டன. மண்ணைக் கொஞ்சமாகக் கிளறிக் காசை எடுத்து, குழியை மூடிக் காலால் மெல்ல அமர்த்திவிட்டு, அந்த இடத்தைப் போனில் குறித்துக்கொண்டான். அதற்கிடையில் ஏழெட்டுத் தடவை பித்தளைத் தோட்டா அடிகள் வந்தன. முயலும் காட்டுக்கோழியும் சுடுகிறவர்கள் போட்டவை. அவற்றை ஏறெடுத்தும் பார்க்காமல் குப்பைப் பைக்குள் போட்டான். எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கை பின்னுக்குப் போனது.

கல்முனையில் பிறந்த என் வயதுக்காரனுக்கு அந்தக் கருவியின் ஓசை வேறு மாதிரிக் கேட்கும். யுத்த காலத்தில் பஸ்ஸை நிறுத்தி இறக்குவார்கள். வரிசையில் நின்று கையைத் தூக்கினால் நெஞ்சிலிருந்து முழங்கால் வரை ஒரு கறுப்புத் தடி போய்வரும். சட்டைப் பையில் கிடக்கும் சில்லறைக்கு அது கத்தினால் உடம்பெல்லாம் வேர்க்கும். பிறகு கண்ணிவெடி அகற்றுகிறவர்களின் கையில் அதே கருவியைக் கண்டோம். முகமூடி போட்டு மண்டியிட்டு, ஒரு சாண் நிலத்தைக் கடக்க நெடுநேரம் எடுத்தார்கள். உலோகம் தேடுவது ஒருவருக்குப் பொழுதுபோக்காக இருக்கலாம் என்பதையே அந்த இங்கிலாந்து வயலில்தான் நான் முதன்முதலில் கண்ணால் கண்டேன்.

இங்கே அது பொழுதுபோக்கு அல்ல. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச்சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். 1998 இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். புதையல் தோண்டப்போய் ஸ்கேனரோடு பிடிபட்டவர்களின் செய்தி பத்திரிகையில் வராத மாதம் குறைவு. சட்டம் தேவைதான். பழைய இடங்களை இரவோடிரவாகக் கிண்டி நாசமாக்குகிறவர்கள் இந்த நாட்டில் ஏராளம். அந்தச் சட்டம் எழுதியபோது எது தொல்பொருள் என்பதற்கு வைத்த எல்லையும் கவனிக்க வேண்டியது: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள். ஒல்லாந்தரின் செம்புத் துட்டு அந்த எல்லைக்குள் வரும். விக்டோரியா இராணியின் தலையோடு 1870 இல் வந்த சதம் வராது. ஒரு இராச்சியம் விழுந்த திகதியை வைத்து மண்ணுக்குள் கோடு கிழித்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமை செய்ய ஒரு ஜனாதிபதி செயலணியை நியமித்தார்கள். நியமித்தபோது அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. இந்த மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று சொல்லும் உரிமை யாருக்கு என்ற கேள்வி அன்றிலிருந்து எங்கள் ஊர்களில் உறங்கவேயில்லை. காணிக்குள் பழைய செங்கல் ஒன்று வந்தால் வெளியில் சொல்லாமல் மூடிவிடுகிறார்கள். பயம். அந்தப் பயத்தில் எங்கள் வரலாறும் சேர்ந்து மூடுபட்டுப் போகிறது என்பதுதான் என் கவலை.

கரையால் தெற்கு நோக்கி நடந்தோம். எங்களில் வரலாறு படிப்பிக்கிற வாத்தியார் ஒருவன் இருக்கிறான். நான் புறப்படும்போது, “அலவாங்கு ஒண்டு எடுக்கவா?” என்று கேட்டேன். “வேணாம். தோண்டுற வேலையே இல்ல. அலவாங்கு எண்ட பேரே போர்த்துக்கேயன் விட்டுட்டுப் போன சாமான்தான்” என்றான். உண்மை. அலவாங்கும் அலுமாரியும் சப்பாத்தும் பாணும் அவர்களிடமிருந்து வந்தவை. கந்தோர் ஒல்லாந்தருடையது. துட்டும் அப்படித்தான். ‘டொய்ட்’ என்ற அவர்களுடைய சின்னச் செம்புக்காசின் பெயர் நம் வாயில் துட்டு ஆகிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் அந்தச் சொல்லுக்கு டச்சு வேர்தான் காட்டுகிறது.

இந்தக் கரைக்கும் அவர்களுக்கும் உள்ள தொடர்பு சிறிதல்ல. 1602 மே மாதத்தில் யோரிஸ் வன் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக்கு அருகே நங்கூரம் போட்டார். 1628 இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்து வருடத்தில், 1638 மே 18 இல், கண்டி அரசனின் படையோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1796 இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கல்முனையிலிருந்து அந்தக் கோட்டை சுமார் 40 கிலோமீட்டர். எங்கள் ஆட்களின் கதையும் அதே காலத்தோடு பின்னிக் கிடக்கிறது. 1626 இல் போர்த்துக்கேயர் தங்கள் பிரதேசங்களிலிருந்து விரட்டிய முஸ்லிம்களில் 4,000 பேரைச் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவெய்ரோஸ் எழுதிவைத்திருக்கிறார். அதற்கு முன்பும் இங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் எழுத்தில் கிடப்பது விரட்டியவர்களின் எழுத்துத்தான். வாத்தியார் நண்பன் இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் இறங்கிவிடும்.

நடந்துகொண்டே கடலடிப் புதையல் ஒன்றின் கதையைச் சொன்னான். யாலவுக்கு அப்பால் தென்கிழக்குக் கடலில் ஒரு பாறைத்தொடர் இருக்கிறது. சிங்களத்தில் மகா இராவணா கோட்டுவ, ஆங்கில வரைபடத்தில் கிரேட் பாஸஸ். 1961 மார்ச்சில் மைக் வில்சன் என்ற சுழியோடி இரண்டு அமெரிக்கச் சிறுவர்களோடு அங்கே படம் பிடிக்கப்போனபோது பாறை இடுக்கில் வெள்ளிக் காசுகளைக் கண்டார். ஔரங்கசீப் காலத்து ரூபாய்கள். சூரத் நாணயச்சாலையில் அடித்தவை. ஹிஜ்ரி 1113, அதாவது கி.பி. 1702. ஆயிரம் ஆயிரமாகப் பையில் கட்டிக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். பைகள் உக்கிப்போய்விட்டன. காசுகள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி, பையின் வடிவத்திலேயே கல்லாக இறுகிக் கிடந்தன. ஆர்தர் சி. கிளார்க் இதைப் பற்றி 1964 இல் ஒரு புத்தகமே எழுதினார்.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்தப் பையின் வடிவம். யாரோ ஒரு கணக்கர் எண்ணி, வாயைச் சுருக்கிக் கட்டிய பை. துணி போய்விட்டது. துணி பிடித்திருந்த உருவத்தைக் காசு பிடித்துவைத்திருக்கிறது. அந்தக் கட்டியைச் சுத்தியலால் உடைத்தால் ஆயிரம் நல்ல ரூபாய் கிடைக்கும், பை இல்லாமல் போய்விடும். பழம்பொருளை அது கிடந்த கிடையிலிருந்து பிரிப்பதில் என்ன நட்டம் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

வெளிச்சம் வந்தது. கடல் வெட்டிய மண்சுவரைப் பார்த்துக்கொண்டே போனோம். முதலில் வந்தவை கரைவலை ஈயக்குண்டுகள். பிறகு ஒரு தண்ணீர்க் குழாய், பிடியில்லாத கரண்டி, ரப்பர்ச் செருப்பு. என் காந்தத்தில் துருப்பிடித்த கொண்டி ஒன்று ஒட்டியது. ஓரிடத்தில் பச்சை பிடித்த ரவைக் கோது ஒன்று. இங்கிலாந்து நண்பன் அதைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தான். இந்த முறை குப்பைப் பையில் போடவில்லை.

மாளிகைக்காட்டை நெருங்கும்போது மீன்பிடிக்கிறவன் நின்றான். மண்சுவரில் ஒரு முழத்துக்குக் கீழே சிவப்புச் சீமெந்துத் தரையின் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் வீடுகளில் சாயம் கலந்து பூசி மினுக்குவார்களே, அந்தத் தரை. அவன் அதன்மேல் கையை வைத்து மண்ணைத் துடைத்தான். ஈரத்தில் அது நேற்றுப் பூசியது மாதிரி பளபளத்தது.

“இதுல மெஷின் வச்சா நிக்காமக் கத்தும் மச்சான். எல்லாம் நம்மட சாமான்தான்.”

வேறொன்றும் அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் வேறெந்த மாவட்டத்தையும்விடக் கூடுதலாக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில்தான். 10,000 க்கும் மேற்பட்டோர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் முழுதும். அவனுடைய ராத்தாவும் பிள்ளைகளும் அன்று போனவர்கள். ராத்தாவின் வீடு என்றால் எங்கள் ஊரில் அது தாய்வீடும்தான். பெண்ணுக்குக் கொடுத்த வீட்டில்தான் உம்மா, வாப்பா எல்லாரும் இருப்பார்கள். பலருக்குக் கபுறு எதுவென்று அடையாளம் வைக்கவே நேரமிருக்கவில்லை. சுனாமிக்குப் பின் சில கிழமைகள் இந்த மண்ணைச் சல்லடை போட்டு அரித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். காப்பும் தோடும் தேடினார்கள். அந்தச் சல்லடைச் சத்தம் காதில் இன்னும் கிடக்கிறது.

இப்போது கடல் இன்னும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. ஒலுவிலில் துறைமுகம் கட்டிய பிறகு அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் கடலுக்குள் சரிந்தன. மாளிகைக்காட்டில் மையவாடியையே கடல் அரித்தது. ஜனாஸாக்களை அடக்கிய மண் கரைந்து போவதை ஊர் கரையில் நின்று பார்த்தது. உலாந்தாக் காசு வெளியில் வரவேண்டும் என்று கடல் வெட்டிய இடத்தைத் தேடிப்போனோம். அதே கடல்தான் எங்கள் மையித்துகளையும் வெளியே எடுக்கிறது. இதைப் புறப்படும் முன்பே நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

இங்கிலாந்து நண்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “அங்க நான் வயக்காரன்ட கதவத் தட்டுவன். இங்க யார்ட கதவத் தட்ட?” என்று கேட்டான். வீடே இல்லாத இடத்தில் நின்று அவன் அப்படிக் கேட்டது எங்கள் எல்லாரையும் உலுக்கிவிட்டது. மேல் அடுக்கில் 2004 கிடக்கிறது. அதற்குக் கீழே 1990 களின் ரவைக் கோது. அதற்கும் கீழே 1978 நவம்பர்ச் சூறாவளியில் விழுந்த வீடுகளின் ஓடு. இவற்றையெல்லாம் கிளறித் தள்ளிவிட்டுத்தான் ஒல்லாந்தரிடம் போக வேண்டும் என்றால், எனக்கு அந்த ஒல்லாந்தர் வேண்டாம். தகுந்த ஆட்கள், எங்கள் ஊராரையும் சேர்த்துக்கொண்டு, அடுக்கு அடுக்காகப் பதிந்து தோண்டும் நாள் வந்தால் வரட்டும். அந்த நாளில் 2004 இன் கரண்டியையும் அவர்கள் பெயர் எழுதி வைக்க வேண்டும்.

அந்த இடத்தில் துஆ கேட்டுவிட்டுத் திரும்பினோம். இங்கிலாந்து நண்பன் ரவைக் கோதை எடுத்த இடத்திலேயே மண்ணுக்குள் வைத்தான்.

எங்கள் வீட்டில் உம்மா தேத்தண்ணி ஊற்றினா. என்ன தேடிப்போனோம் என்று கேட்டா. சொன்னோம். “இதுக்காகவா மனே கடலுக்குப் போன நீங்க? நம்மட அரிசிப் பானைக்குள்ள ஒண்டு கிடக்கே” என்றா. எழும்பிப் போய் முழங்கை வரை அரிசிக்குள் கையை விட்டுத் துழாவினா. ஒரு சின்னத் துணி முடிச்சு வந்தது. அவிழ்த்தால் ஒரு செம்புக் காசு. பானையில் பரக்கத் குறையாமலிருக்க வைத்ததாம். உம்மாவுக்கு மூத்தம்மா கொடுத்தது. மூத்தம்மாவுக்கு அவவுடைய உம்மா. எங்கள் கரையில் குடி தாய்வழியாகத்தான் வரும், வீடும் மகளுக்குத்தான் போகும். துட்டும் அந்த வழியால்தான் வந்திருக்கிறது. ஐம்பது வருடம் அந்தப் பானைச் சோற்றைத் தின்றிருக்கிறேன். இது எனக்குத் தெரியாது.

இங்கிலாந்து நண்பன் அதை உள்ளங்கையில் வாங்கி யன்னல் வெளிச்சத்துக்குப் போனான். இன்றைய பத்து ரூபாக் குத்தியைவிடச் சிறியது. ஒரு பக்கம் வி-யின் இரு கைகளிலும் ஓவும் சியும் கோத்த, ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கொம்பனி முத்திரை. கீழே ஆண்டு. 17 தெரிகிறது, மற்ற இரண்டு எண்களும் தேய்ந்துவிட்டன. மறுபக்கம் முடி வைத்த கேடயம். “சீலாந்து” என்றான். ஒல்லாந்து நாட்டின் கடலோர மாகாணம் அது. அந்த மாகாணத்தின் சின்னம், அலைக்குள்ளிருந்து பாதி உடம்போடு எழும்பி வரும் சிங்கம். கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். எத்தனையோ பெண்களின் விரல் பட்டுச் சிங்கம் அழிந்துபோயிருந்தது. அலைக் கோடுகள் மட்டும் இருந்தன.

1726 முதல் கொம்பனி தன் முத்திரையோடு இந்தத் துட்டுகளை அடிப்பித்தது. காரணம் வியாபாரம். அவர்கள் நாட்டில் எட்டுத் துட்டு ஒரு ஸ்டூவர். கீழைத்தேசத்தில் நாலே துட்டுக்கு ஒரு ஸ்டூவர். ஊர்த் துட்டைக் கள்ளமாகக் கப்பலேற்றினால் ஒன்றுக்கு இரண்டு. அதைத் தடுக்கத்தான் தனி முத்திரை. கூலியாக வந்ததோ, நெல் விற்ற காசோ, எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியின் கைக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது. அவ அதைச் செலவழிக்காமல் அரிசிக்குள் வைத்தா.

நண்பன் ஒரு அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்தான். வாத்தியார் ஒரு கொப்பியைத் திறந்து, உம்மாவின் பெயர், மூத்தம்மாவின் பெயர், அவவுடைய உம்மாவின் பெயர், குடி, வீடு இருந்த ஒழுங்கை எல்லாம் கேட்டு எழுதினான். மீன்பிடிக்கிறவன் தன் ராத்தாவின் வீட்டிலும் ஒன்று இருந்ததாகச் சொன்னான். அதையும் எழுதினான். எழுதி முடிந்ததும் உம்மா காசை வாங்கித் துணியில் முடிந்து மறுபடி பானைக்குள் வைத்தா.

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு துட்டோ, சதுர ஐந்து சதமோ, பழைய காணி உறுதியோ, வெற்றிலை வட்டாவோ இருக்கும். பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். புளி போட்டு மினுக்கவும் வேண்டாம், எழுத்துப் போய்விடும். ஒரு படம் எடுங்கள். யார் யாருக்குக் கொடுத்தது, எந்த வீட்டில் இருந்தது என்பதை மூத்தம்மாமார் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். ஒரு பள்ளிக்கூடக் கொப்பி போதும்.